அகப்பை தொங்கிய வாசல்

யுத்தம் முடிந்து ரங்கூனில் எங்கள் சந்துக்கு ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பிரசவம் பார்க்கத்தான் ஆள் இல்லை. இருந்த ஒருத்தியும் குண்டு விழுந்த வருஷம் நடந்தே இந்தியாவுக்குப் போய்விட்டாள். அவளைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்படி சந்துக்காரர்கள் என்னை அனுப்பினார்கள். நிலையான வேலை இல்லாதவன் சந்தில் நான் ஒருவன்தான் என்பதே காரணம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அரிசி ஆலை, மரக்கிடங்கு, ஆற்றுக் கப்பலின் அடுப்பறை என்று சுற்றியவன். எந்த ஊரிலும் இரண்டு நாளில் தூங்கப் பழகிவிடுவேன்.

எனக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. என் தங்கை செல்லத்தாய்க்கு ஏழாம் மாதம். முந்திய இரண்டு பிள்ளைகளும் பிறக்கும்போதே போய்விட்டன. இரண்டாவது தடவை அவளே பிழைத்தது பெரிய காரியம். கிளம்புகிற அன்று, "மா கின் வந்துட்டா எனக்குப் பயமில்லை அண்ணே" என்றாள். நான் போய் இறங்கிய ஆறாம் நாள் திரும்புகிற கப்பலில் மா கின் ஏறியாக வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும்.

மா கின் பர்மாக்காரி. எங்கள் சந்துத் துறைமுகக் கூலி அருணாசலத்தைக் கட்டிக்கொண்டு, எங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டு, சந்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். அருணாசலத்தோடு இந்தியாவுக்கு நடந்தாள். வழியில் காட்டிலே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அவள் மேலே நடந்து, புருஷன் பிறந்த ஊர் என்று கேள்விப்பட்டிருந்த அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. இவ்வளவும் அவள் எழுதி அனுப்பிய ஒரே கடிதத்தில் இருந்தது. கடிதத்தின் மேலே மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டு விலாசம்.

முதல் நாள், துறைமுகத்திலிருந்து டிராம் ஏறினேன். ரங்கூன் டிராமைவிட இது மெதுவாகப் போகிறது. ஆனால் பேச்சு வேகம். எந்த இடத்தில் இறங்குவது என்று கேட்டதற்குக் கண்டக்டர், "லஸ் வந்தா நான் கூவறேன், குந்து நைனா" என்றார். கூவ மறந்துவிட்டார். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, "நீ ஏன் நைனா கண்ண மூடிக்கினு வந்தே?" என்று என்னையே கோபித்தார். திரும்பி நடந்தேன்.

வழியில் ஒரு ஹோட்டலில் இட்லி கேட்டேன். ரேஷன் காலம், அரிசியோடு சோளமும் சேர்ந்து இட்லி மஞ்சளாக இருந்தது, கைக்கு அடங்காத கனம். காலையில் மீன்குழம்பு ஊற்றின நூடுல்ஸ் சாப்பிட்டே வளர்ந்த வயிறு அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் காப்பி! அந்த ஒரு டம்ளர் காப்பிக்காக இன்னொரு தடவை கடல் தாண்டலாம்.

வக்கீல் வீட்டு அம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தி விவரம் கேட்டாள். மா கின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அவளா? செவ்வாய்க்கிழமையானா வந்து நின்னுடுவா. பிறக்கற குழந்தைகளைச் சுத்தறதுக்குப் பழைய வேஷ்டி வேணுமாம். இந்தத் தெருவுல பத்து ஆத்துலேர்ந்து வாங்கிண்டு போறா. எங்காத்து மாமாவோட வேஷ்டி கிழியறதுக்கு முன்னாடியே கேக்கறா, போங்கோ!" குரலைத் தாழ்த்தி, "அந்தச் சுருட்டுதான்... வாசல்லேயே பிடிச்சு முடிச்சுட்டு வான்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு துவைத்து மடித்த ஒரு மூட்டையைக் கொண்டு வந்து என் தலையில் ஏற்றினாள். "அங்கதானே போறேள்? இதையும் எடுத்துண்டு போயிடுங்கோ." வந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு வேலை கிடைத்தது அன்றுதான்.

சாந்தோம் வழியாக, நொச்சிக்குப்பத்து மீன் வாடை முதுகுக்குப் பின்னால் வர, பாலத்தைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரே ஒரு சந்து. இரண்டு பக்கமும் ஓலைக் குடிசைகள். சந்து முனையில் பூவரச மரத்தடியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. மரப்பலகை மேல் வரிசையாக ஆறு மண்பானைகள், மேலே சின்னக் கூரை. பர்மாவில் ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை இருக்கிற தண்ணீர்ப் பலகை! இங்கே சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே மழைக்காலத்திலும் பானை நிறைந்திருக்கும்.

மரத்தடியில் மா கின் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே பூப்போட்ட பர்மா லுங்கி. தலைமயிர் மட்டும் வெள்ளை. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "கோ வேலு, மூட்டையை மண்ணில் வைக்காதே, பிள்ளைத் துணி" என்றாள், பர்மிய மொழியில். கோ என்பது அங்கே ஆம்பிளைப் பெயருக்கு முன் போடுகிற மரியாதைச் சொல். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் அந்த மொழியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். செல்லத்தாயைப் பற்றிச் சொன்னபோது சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். எத்தனை மாதம், கால் வீங்கியிருக்கிறதா, தலைவலி உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "இங்கே வேலை முடியவில்லை. முடிந்தால் வருகிறேன்" என்றாள்.

"எப்போது முடியும்?"

"அது என் கையில் இல்லை."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் மா கின்னிடம் ஆத்திரப்பட்டு எங்கள் சந்தில் எந்த ஆம்பிளையும் ஜெயித்ததில்லை.

இரண்டாம் நாள் அவளுடைய வேலை என்ன என்று பார்க்க உட்கார்ந்தேன். பார்த்தால், அவள் ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. பஞ்சை உருட்டிக்கொண்டு மரத்தடியில் இருக்கிறாள். ஒருத்தி ஓடி வந்து, "பர்மாம்மா, எங்க மாமியாருக்கு மூச்சு இளைக்கிது, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்" என்றாள்.

"அகப்பை எங்கே? அங்கே கேள்" என்றாள் மா கின், தன் துண்டு துண்டான தமிழில்.

அன்று அகப்பை ஒரு கொத்தனார் வீட்டு வாசலில் தொங்கியது. அவ்வளவுதான் அந்தச் சந்தின் சட்டம். பானையில் தண்ணீர் மொள்ளுகிற கொட்டாங்கச்சி அகப்பை நாளுக்கு ஒரு வாசல் போகும். எந்த வாசலில் தொங்குகிறதோ, அன்று அந்த வீடு விடியுமுன் ஆறு பானையையும் நிரப்ப வேண்டும். நடக்க முடியாதவர்களின் கார்டுகளை வாங்கிக்கொண்டு ரேஷன் கடையில் நிற்க வேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பிரசவம் வந்தால் அந்த வீட்டுப் பெண்தான் மா கின்னுக்கு வெந்நீர் வைத்துக் கூட நிற்க வேண்டும். மறுநாள் விடியற்காலை அகப்பையை அடுத்த வாசல் ஆணியில் மாட்டிவிட்டால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. மா கின் வீட்டு வாசலுக்கும் முறை உண்டு. அன்றைக்கு அவளே வரிசையில் நிற்பாள்.

கொத்தனார் கிழவியை ரிக்ஷாவில் ஏற்றி, தானும் கூடவே ஓடினார். வேலைக்குப் போகவில்லை. "கூலி போச்சே" என்று நான் சொன்னதற்கு, "போன மாசம் என் சம்சாரத்துக்கு வாந்தி பேதி. அன்னிக்கு வேற வூட்டுக்காரன் கூலி போச்சி" என்றார்.

மூன்றாம் நாள் அகப்பை கரீம் பாய் வீட்டில். பஞ்சு அடித்து மெத்தை தைக்கிறவர். நான் படுத்திருந்தது அவருடைய பஞ்சுக் கொட்டகையில்தான். தும்மித் தும்மியே இரண்டு இரவும் கழிந்தன. அவர் மனைவியும் அவரும் உருதுவில் பேசிக்கொண்டார்கள். "இவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். நல்லவன்தான், ஆனால் நம் பஞ்சைப் பாதி தும்மித் தீர்த்துவிட்டான்" என்று அவள் சொன்னதாக எனக்குப் பட்டது. ரங்கூனில் உருதும் அடிபடும், அரைகுறையாகப் புரியும்.

இன்று பொறுப்பு இவர் வீட்டில் என்பதால் இவரிடமே கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் எல்லாரும் சொன்னால் அவள் வருவாள் அல்லவா?"

"நாங்க இன்னா கட்டியா வெச்சிக்கினு கீறோம்?" என்றார் கரீம் பாய். பஞ்சடிக்கிற வில்லைத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சந்தின் கடைசிப் பக்கம் பார்த்தார். "அந்தம்மா மனசுல ஒண்ணு பாக்கி கீது தம்பி. வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. எங்களுக்கும் தெரியும். நாங்களும் தெரியாத மாதிரி இருந்துக்கினு கீறோம்." மறுபடியும் பஞ்சைப் பறக்கவிட்டார்.

அன்று மாலை ஒரு தவறு செய்தேன். ரங்கூன்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

தாகம் எடுத்தது. கரீம் பாய் வாசலிலிருந்து அகப்பையை எடுத்துப் போய்ப் பானையில் மொண்டு குடித்தேன். அகப்பை கையில் இருக்க, அப்படியே ஆற்றங்கரைக்கு நடந்து, கழிமுகத்தில் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது கரைப் பக்கமாக வந்தேன். பஞ்சுக் கொட்டகையை ஒட்டினாற்போல ஒரு வாசல், நிலையில் ஓர் ஆணி. பாய் வீட்டு வாசல்தான் என்று நினைத்து மாட்டிவிட்டுப் போய்விட்டேன். எங்கள் ஊரில் அகப்பைக்கு ஆணிதான் முக்கியம். யாருடைய ஆணி என்று எவனும் பார்ப்பதில்லை. விரலில் துரு ஒட்டியிருந்ததை லுங்கியில் துடைத்தேன். மற்ற ஆணிகளெல்லாம் கயிறு தேய்த்துப் பளபளத்தனவே, இது ஏன் துருப்பிடித்திருக்கிறது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் கூச்சல். மரத்தடிக்கு ஓடினேன். ஆறு பானையும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதிதாக வாங்கியது போல நின்றன. விளிம்பு வரை தண்ணீர். பக்கத்தில், ஆனால் நாலு முழம் தள்ளி, ஒல்லியான ஒரு பெண் குடத்தோடு நின்றாள். கன்னிம்மா என்று பெயர். கடைசிக் குடிசைக்காரி. அவள் புருஷன் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கூட்டுகிறவன். சந்தில் இருப்பவர்கள் எல்லாருமே ஏழைகள்தான். ஆனால் அந்த ஏழைகளும் தள்ளி வைத்திருந்த வீடு அது. குழாயடியில் அவள் எல்லாருக்கும் பிறகு சொட்டுகிற தண்ணீரைப் பிடிப்பதை இரண்டாம் நாள் காலையிலேயே பார்த்திருந்தேன். முறை கரீம் பாய் வீட்டுக்குப் பிறகு அவளைத் தாண்டி மறுபடி முதல் வாசலுக்குப் போய்விடும்.

அந்த முதல் வாசல் பட்டம்மாவுடையது. மீன் கூடைக்காரி. அவள் குரல்தான் கூச்சல்.

"இன்னா தைரியம்மே உனக்கு? யார் சொல்லி மொண்டே?"

"அகப்ப என் வாசல்ல தொங்கிச்சி" என்றாள் கன்னிம்மா. சத்தம் போடவில்லை.

"தொங்கிச்சா? தானா நடந்து வந்து தொங்கிச்சா? கரீம் பாய், நீ மாட்னியா?"

"நான் இல்லம்மா. காலீல தொழுவப் போறப்போ அகப்பயக் காணோம். நீதான் முந்திக்கினேன்னு நெனச்சேன்" என்றார் கரீம் பாய்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மா கின் என் கையைப் பிடித்தாள். பானைகளைப் பார்த்தாள். கன்னிம்மாவைப் பார்த்தாள். "வாயை மூடிக்கொண்டு என்னோடு வா. தியாகராய நகரில் ஒரு டாக்டரம்மா பழைய கருவிப் பெட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறாள்" என்றாள்.

"இப்போதா?"

"இப்போதுதான்."

பட்டம்மா விடவில்லை. "பர்மாம்மா, நீ இன்னா சொல்ற? இத்தக் கீழ ஊத்திட்டு வேற மொள்ளட்டா?"

"அகப்பை எங்கே? அங்கே கேள்" என்று சொல்லிவிட்டு மா கின் நடந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வாயைத் திறந்தாள். சந்துக்கு வந்த முதல் வருஷம் வாந்தி பேதி கண்டதாம். அப்போதுதான் தண்ணீர்ப் பலகை போட்டு, எல்லா வாசலிலும் தன் கையாலேயே ஆணி அடித்தாளாம். கடைசி வாசலிலும் அடித்தாள். அகப்பை மட்டும் அங்கே போகவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார்கள். ஆனால் அவள் இந்த ஊரை விட்டுப் போன அன்றே கழற்றியிருப்பார்கள். "நான் அயலூர்க்காரி. நான் சொல்லி நடப்பது நான் இருக்கும் வரைதான். அவர்களாக மாட்டட்டும் என்று அந்த ஆணி நான்கு வருஷமாகக் காத்திருக்கிறது. அந்த ஒரு வாசல்தான் பாக்கி, கோ வேலு."

"அவர்கள் மாட்டவில்லை. நான் மாட்டினேன், தெரியாமல்."

"தெரியும். உன் லுங்கியில் துரு."

"இன்றைக்கு அவர்கள் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டால்?"

"இனி அந்த வாசலுக்கு எந்தக் காலத்திலும் அகப்பை போகாது. நான் இங்கேயே இருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் தங்கைக்கு நீ வேறு ஆள் தேடிக்கொள்." சொல்லிவிட்டுச் சுருட்டைக் கடித்துக்கொண்டாள். நெருப்பு வைக்க மறந்திருந்தாள். தெரியாத இடத்தில் ஆணியைக் கண்டு கையை நீட்டிய என் புத்தியை நினைத்து நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தியாகராய நகர் அழகான இடம். அகலத் தெருக்கள், புதுப் பங்களாக்கள், பார்க்கில் பெஞ்சு. டாக்டரம்மா காப்பி கொடுத்து, கருவிப் பெட்டியும் கார்பாலிக் சோப்பும் கொடுத்தாள். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

திரும்பும்போது வந்தது கரி பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பின்னால் அடுப்புக் கட்டி, கரியைப் போட்டுக் காற்றடித்து ஓட்டுகிற வண்டி. சைதாப்பேட்டைப் பாலத்தருகே ஏற்றத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. "ஆம்பிளைங்க எல்லாம் எறங்கித் தள்ளு!" என்றார் கண்டக்டர். தள்ளினோம். ஒரு ஜரிகை வேஷ்டிக்காரர் மட்டும் இறங்காமல், "நான் முழு டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றார். "நாங்க மட்டும் இன்னா பாதியா வாங்கினு கீறோம்?" என்று எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவன் கத்தினான். பஸ் நகரவில்லை. அடுப்பு அணைந்தே போய்விட்டது. பெட்டியை நான் தோளில் வைத்துக்கொள்ள, மா கின் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொள்ள, ஆற்றோரமாகவே நடந்தோம். காடு மலையெல்லாம் நடந்த கால் அவளுடையது. நான்தான் மூச்சு வாங்கினேன்.

அடையாறு போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. சந்தில் சத்தமே இல்லை. மா கின் நேரே பூவரச மரத்தடிக்குப் போனாள். முதல் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். காலி. இரண்டாவது காலி. மூன்றாவதும் காலி. நான் தரையைப் பார்த்தேன். ஊற்றியிருந்தால் மண் ஈரமாக இருக்க வேண்டும். மண் காய்ந்து கிடந்தது.

கரீம் பாய் எங்களைக் கண்டு ஓடி வந்தார். "எங்கம்மா போனீங்க? செங்கமலத்துக்கு வலி கண்டு, புள்ளையே பொறந்துட்ச்சி!"

செங்கமலம் பட்டம்மாவின் மகள். மா கின் கணக்குக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கரீம் பாய் சொன்னதிலிருந்து எனக்குத் தெரிந்தது இது. காலையில் கன்னிம்மாவின் தண்ணீரை யாரும் ஊற்றவுமில்லை, தொடவுமில்லை. ஆளுக்கு ஒரு குடம் குழாயில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஏழு மணிக்குக் குழாய் நின்றது. பிடித்த தண்ணீர் சோற்றுக்கும் குளியலுக்கும் போய்விட்டது. பத்து மணிக்குச் செங்கமலத்துக்கு வலி எடுத்தது. சந்தில் மிச்சம் இருந்த தண்ணீர் அந்த ஆறு பானைதான். அடையாற்றுத் தண்ணீர் முழுக்க உப்பு.

"பட்டம்மா என் சம்சாரத்தாண்ட ஓடியாந்தா, கூட வான்னு. அவ சொல்லிட்டா, 'அகப்ப என் வாசல்ல இல்ல, எங்க கீதோ அங்க கேளு'ன்னு. பட்டம்மா அப்புடியே நின்னா. உள்ள பொண்ணு கத்துது. அப்பால தலைல அடிச்சிக்கினு கடைசி வூட்டுக்குப் போனா. ஆறு பானத் தண்ணியும் பிரசவத்துக்கே தீந்துட்ச்சி."

மா கின் பட்டம்மாவின் குடிசைக்குள் நுழைந்தாள். நான் வெளியே நின்றேன். வாசலுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, கன்னிம்மா நின்றிருந்தாள். முழங்கை வரை ஈரம். எல்லாம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டாளாம்.

உள்ளே மா கின் குரல் கேட்டது. "தொப்புள் யார் கட்டினது?"

பட்டம்மா சொன்னாள், "அவதான்."

"நூலைக் கொதிக்க வெச்சாளா?"

"கத்தியும் நூலும் கொதிக்க வெச்சா. ரெண்டு எடத்துல கட்டினா. துணிய நெருப்புல காட்டினா. எல்லாம் நீ செய்ற மாதிரியேதான் செஞ்சா." அழுகிற குரல் இல்லை, கோபம் போன குரலும் இல்லை. "நீ கத்துக் குடுத்தியா?"

"இல்லை" என்றாள் மா கின்.

வெளியே கன்னிம்மா என்னைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "நான் எட்ட நின்னுக்கினு பாப்பேன். ஒவ்வொரு வூட்லயும் பொறக்கசொல்ல" என்றாள். நான்கு வருஷமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை சந்து முழுவதும் வாசலில் நின்றது. அகப்பை அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். அடுத்த வாசல் பட்டம்மாவுடையது. கன்னிம்மா அகப்பையை எடுத்துக்கொண்டு சந்தின் நடுவில் நடந்து வந்தாள். எப்போதும் ஓரமாகப் போகிறவள். பட்டம்மாவின் வாசலுக்கு எட்டடி தள்ளி நின்றாள். பழக்கம் போகவில்லை; குனிந்து அகப்பையைத் தரையில் வைக்கப் போனாள்.

மா கின்னைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே அது, கீழ வெக்கிற?" என்றாள் பட்டம்மா வாசலிலிருந்து. கையில் பேரன். "மண்ணு ஒட்டுனா அத்த யார் களுவறது? ஆணி கண்ணுக்குத் தெரீல? எடுத்தாந்து மாட்டு!"

கன்னிம்மா எட்டடியும் நடந்து வந்து மாட்டினாள். யாரும் கை தட்டவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் அன்றைக்கும் பாலத்துக்கு அப்பாலிருந்துதான் குடிதண்ணீர் கொண்டு வந்தார்கள். பட்டம்மாவும் நாள் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் கன்னிம்மா மாட்டிய அகப்பையை அன்று யாரும் கழற்றச் சொல்லவில்லை. கடைசி வாசலை விட்டுவிட்டு எண்ணவும் இல்லை. மத்தியானம் மா கின் கருவிப் பெட்டியைத் திறந்து எதை எங்கே வைப்பது என்று கன்னிம்மாவுக்கும் கரீம் பாய் மனைவிக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி இங்கேயே இருக்கப் போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கோ வேலு, என் லுங்கிகளை மடித்து வை. காலையில் கப்பல் அல்லவா?" என்றாள்.

ஆறாம் நாள் ஜட்கா வண்டி வந்தது. மா கின் எல்லார் வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு வர அரை மணி ஆயிற்று. பட்டம்மா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்து, "போய்ச் சேந்ததும் ஒரு காயிதம் போடு. தமிழ்ல போடு, உன் ஜிலேபி எழுத்துல போடாத" என்றாள். கன்னிம்மா ஒரு புட்டி நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள், கப்பலில் குடிக்க. இந்தத் தடவை வண்டிச் சக்கரம் வரை வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மா கின் ஏறிக்கொண்டிருந்தபோது கன்னிம்மாவிடம் மெல்லச் சொன்னேன். "அன்னைக்கு உங்க வாசல்ல அகப்பையை மாட்டினது நான்தான்மா. தெரியாமத்தான் மாட்டிட்டேன். பாய் வூட்டு ஆணின்னு நெனச்சுட்டேன்."

"தெரியும் நைனா" என்றாள் கன்னிம்மா. "ஓலை இடுக்கு வழியா பாத்துக்கினுதான் இருந்தேன். பாய் வூட்ல கொண்டு போய்க் குடுத்துட்லாம்னு எழுந்தேன். அப்பால குந்திட்டேன்."

"ஏன்?"

"நீ தப்பா மாட்டினே. சரி. ஆணி என்னுதுதானே?"

வண்டி கிளம்பிவிட்டது.

பங்குனியில் ரங்கூனில் செல்லத்தாய்க்குப் பெண் பிறந்தது. மூன்றாவது, ஆனால் முதலில் அழுதது அதுதான். அந்தச் சத்தம் கேட்டு நான் வாசல் படியில் உட்கார்ந்தபோது, மா கின் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "சும்மா உட்காராதே. சந்தில் எத்தனை வாசல் என்று எண்ணிக்கொண்டு வா, ஆணி வாங்க வேண்டும்" என்றாள். இருபத்தாறு என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு. "போய் எண்ணு" என்றாள். போனேன். மரக்கிடங்குக்குப் பின்னால் ஒரு குடிசை இருக்கிறது. அதை யாரும் எங்கள் சந்து என்று சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து இருபத்தேழு என்றேன்.